நைஸ் 19 கொடுத்தும் ரெண்டரிங் ஏன் அடங்கவில்லை?

கேள்வி குடியாத்தத்தில் கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்யும் ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்தது. நான்கு கோர், 8 ஜிபி ராம், உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரே கணினி. அதில் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் வீடியோவை ரெண்டரிங் செய்து மாற்றிக்கொண்டிருக்கும்போதே, எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் வீட்டாருக்கு ஆல்பப் படங்களையும் புரட்டிக் காட்ட வேண்டும். நைஸ் என்பது ஒரு நிரல் மற்றவற்றுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லும் எண்; மைனஸ் 20 முதல் 19 வரை, எண் கூடக்கூட முன்னுரிமை குறையும். கேட்டிருப்பவை மூன்று. நைஸ் 19 கொடுத்தும், ஓடும் நிரல்களைக் காட்டும் ‘டாப்’ திரையில் வீடியோ நிரல் 380 சதவீதத்தில் (ஒரு கோருக்கு 100) நிற்கிறதே, ஏன்? இரண்டு டெர்மினலில் இரண்டு வீடியோக்களை, ஒன்றை நைஸ் 0-இலும் மற்றதை 19-இலும் ஓடவிட்டால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே முடிகின்றன. அப்புறம் அந்த எண் எதற்கு? பென் டிரைவுக்குக் காப்பி போடும்போது லோடு ஆவரேஜ் 9 என்கிறது, சிபியுவோ முக்கால்வாசி சும்மா கிடக்கிறது, எதை நம்புவது?

மூன்றும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. சிபியுவைப் பங்கிடுவதில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. மொத்த நேரத்தில் ஒரு நிரலுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது ஒன்று. கேட்ட நொடியிலிருந்து கையில் கிடைக்கும்வரை எவ்வளவு காத்திருந்தது என்பது மற்றது. நைஸ் எண் முதல் கணக்கைத்தான் நேரடியாகத் தொடுகிறது. ஆல்பம் திக்கித் திக்கிப் புரள்வதாகப் பெண் வீட்டார் முகம் சுளிப்பது இரண்டாவது கணக்கைப் பார்த்து.

ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு நிரலின் கட்டளைகளைத்தான் ஓட்டும். வீடியோ நிரல் ஓடும்போது அந்தக் கோரில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஓடவில்லை. ஓடாத கெர்னல் எப்படி வந்து ‘போதும், எழுந்திரு’ என்று சொல்லும்? அதற்காகத்தான் வன்பொருளில் ஒரு டைமர். குறித்த இடைவெளியில் அது தட்டும். தட்டியவுடன் சிபியு கைவேலையை அப்படியே விட்டுவிட்டு கெர்னலுக்குள் குதிக்கும். லினக்ஸ் கெர்னலைக் கட்டும்போதே விநாடிக்கு 100, 250, 300, 1000 தட்டு என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்திருப்பார்கள். 250 என்றால் 4 மில்லிவிநாடிக்கு ஒரு தட்டு. உபுண்டு வெகுகாலம் 250-இல் இருந்து 24.10 பதிப்பில் 1000-க்கு மாறியது. விண்டோஸில் வழக்கம் விநாடிக்கு 64, அதாவது 15.6 மில்லிவிநாடிக்கு ஒன்று. இந்தத் தட்டலை நம்பாமல், ‘நிரலே மனமிரங்கி இடம் விடட்டும்’ என்றிருந்த காலமும் உண்டு: விண்டோஸ் 3.1-இல் ஒரு நிரல் லூப்பில் மாட்டினால் மொத்தக் கணினியும் உறைந்து நின்றது அதனால்தான்.

இடம் மாறும்போது பழைய நிரலின் ரெஜிஸ்டர்களை (சிபியு கையில் வைத்திருக்கும் மதிப்புகளை) எழுதிவைத்து, புதியதன் ரெஜிஸ்டர்களை ஏற்றி, நினைவக அட்டவணையையும் மாற்ற வேண்டும். இதற்கு ஆகும் நேரம் சில மைக்ரோவிநாடி. வெளியே தெரியாத செலவு அதைவிடப் பெரியது: பழைய நிரலின் தரவு சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான கேஷில் சூடாக இருந்தது, புதிய நிரல் தன்னுடையதை ராமிலிருந்து முதலிலிருந்து இழுக்க வேண்டும். ஒரு மாற்றத்துக்கு 5 மைக்ரோவிநாடி என்று வைத்துக்கொண்டால், 3 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மாற்றினால் வீண் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. 50 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை மாற்றினால் 9 சதவீதம் போய்விடும், கேஷ் இழப்பு தனி. ‘ரொம்பச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுத்தால் எல்லாருக்கும் சீக்கிரம் முறை வருமே’ என்ற யோசனை இங்கேதான் உடைகிறது.

நிரல்கள் இடம் விடுவதில் பெரும்பகுதி பிடுங்கப்பட்டு நடப்பதுமில்லை. ஆல்பம் நிரல் ஒரு படத்தைக் காட்டிவிட்டு அடுத்த கிளிக்குக்காகத் தானே தூங்கப் போகிறது. ‘ப்ராக்’ அடைவில் அந்தந்த நிரலின் எண்ணுக்குள் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பைத் திறந்தால் கடைசியில் இரண்டு எண்ணிக்கைகள் இருக்கும்: தானாக விட்டது எத்தனை முறை, பிடுங்கப்பட்டது எத்தனை முறை. ஆல்பம் நிரலில் முதல் எண் மலைபோல ஏறும், இரண்டாவது அசையாது. வீடியோ நிரலில் போட்டி இருக்கும்போது இரண்டாவது ஏறும். ஆல்பம் நிரலில் இரண்டாவது எண் மளமளவென்று ஏறினால், அதற்குச் சிபியு நிஜமாகவே போதவில்லை என்று அர்த்தம். வேறு எந்த வரைபடத்தையும்விட இதை நம்பலாம்.

பாடப்புத்தகத்தில் வரும் பங்கீட்டு முறைகளைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம் தேர்வு எழுதும் பிள்ளைகள் கட்டம் கட்டமாக கேன்ட் சார்ட் போடுகிற பகுதி இது. உங்கள் கடை வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 40 நிமிட வீடியோ, 2 நிமிட பில், 3 நிமிட பிரிண்ட், இந்த வரிசையில் வந்திருக்கின்றன, கோர் ஒன்றே ஒன்று. வந்த வரிசைப்படி முடித்தால் காத்திருப்பு 0, 40, 42 நிமிடம், சராசரி 27.3. சின்ன வேலை முதலில் என்றால் பில் 0, பிரிண்ட் 2, வீடியோ 5, சராசரி 2.3. நிமிடத்துக்கு ஒருவராகச் சுற்றிவந்தால் பில் 3, பிரிண்ட் 5, வீடியோ 5, சராசரி 4.3. சின்னது முதலில் என்பதே கணக்கில் ஜெயிக்கிறது. ஆனால் எந்த வேலை சின்னது என்று இயங்குதளத்துக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் நடத்தையைப் பார்த்து ஊகிக்கும் வழி வந்தது. எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழு 1961-இல் ஐபிஎம் 709 கணினியில் செய்துகாட்டிய சிடிஎஸ்எஸ் அமைப்பின் வழி அதுதான்: கொடுத்த துண்டு நேரத்தை முழுக்கத் தின்று தீர்க்கும் நிரல் கீழ் வரிசைக்குத் தள்ளப்படும், கீழே முறை வர நாளாகும், வந்தால் துண்டு பெரிதாக இருக்கும். கோர்பாட்டோவுக்கு 1990-இல் டூரிங் விருது கிடைத்தது. விண்டோஸ் இன்றும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. லினக்ஸ் 2007-இல் வேறு பாதையில் போய்விட்டது.

அந்தப் பாதை எடைக் கணக்கு. 2.6.23 கெர்னலில் இங்கோ மோல்னார் கொண்டுவந்த சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர் (சிபியுவைப் பங்கிடும் பகுதி), ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கற்பனைக் கடிகாரம் மாட்டியது. நிரல் ஓடும்போது அதன் கடிகாரமும் ஓடும். எடை கூடினால் கடிகாரம் மெதுவாக ஓடும், குறைந்தால் வேகமாக ஓடும். யார் கடிகாரம் பின்தங்கியிருக்கிறதோ அவருக்கே அடுத்த முறை. நைஸ் எண் வருவது இந்த எடையைத் தீர்மானிக்கத்தான். நைஸ் 0-க்கு எடை 1024. எண் ஒவ்வொன்று கூடும்போதும் எடை ஏறக்குறைய 1.25-ஆல் வகுபடும்: நைஸ் 1-க்கு 820, 5-க்கு 335, 10-க்கு 110, 19-க்கு 15. மறுமுனையான மைனஸ் 20-க்கு 88761. ஒரே கோரில் இரண்டு நிரல்கள் மோதினால் எடை விகிதத்தில் பிரியும். 0-உம் 5-உம் மோதினால் 75:25. 0-உம் 10-உம் என்றால் 90:10. 0-உம் 19-உம் என்றால் 98.5:1.5.

‘மோதினால்’ என்ற சொல்லில்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரவில்லை என்றால் அவர் பங்கை வீணாக்காமல் இருப்பவருக்கே போடுவார்கள். ஷெட்யூலரும் அப்படித்தான்: ஆல்பம் நிரல் அடுத்த கிளிக்குக்குக் காத்துத் தூங்கும்போது, நைஸ் 19 ஆக இருந்தாலும் வீடியோ நிரலே நான்கு கோரையும் எடுத்துக்கொள்ளும். 380 சதவீதம் என்பது பிழையல்ல. அது 20-க்கு இறங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும், காலியாகக் கிடந்த கோரை யாரோ பூட்டிவைத்திருக்கிறார்கள் என்று ஆகும். நைஸ் என்பது உச்சவரம்பு கிடையாது.

எடை வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க எளிய சோதனை உண்டு. ஒரே டெர்மினலில் ‘டாஸ்க்செட்’ கட்டளையால் 2-ஆம் கோருக்குக் கட்டிப்போட்டு, ஓயாமல் ஒரே எழுத்தை எழுதும் ‘யெஸ்’ கட்டளையை நைஸ் 0-இல் ஒன்றும் நைஸ் 10-இல் ஒன்றுமாக, வெளியீட்டை எதையும் விழுங்கிவிடும் நல் சாதனத்துக்குத் திருப்பி, பின்புலத்தில் ஓடவிடுங்கள். ‘டாப்’ திரையில் ஒன்று 90-ஐயும் மற்றது 10-ஐயும் ஒட்டி நிற்கும். கட்டிப்போடாமல் ஓட்டினால் ஆளுக்கொரு கோரில் ஏறி, இரண்டும் 100 காட்டும். நைஸ் வேலை செய்யவில்லை என்று வருகிற புகார்களில் நிறைய இந்தக் கட்டிப்போடாத சோதனையைச் செய்துவிட்டு வருபவை. இன்னொன்று: சாதாரணப் பயனர் நைஸ் எண்ணை ஏற்றலாம், இறக்க முடியாது. சும்மா பார்க்கலாம் என்று 19 கொடுத்துவிட்டு அப்புறம் 0-க்குத் திரும்ப வேண்டுமானால் ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும்.

இரண்டாவது கேள்வி இதைவிடச் சுவையானது. உங்கள் சோதனையில் தவறு எதுவும் இல்லை. இரண்டு டெர்மினலில் ஓட்டினீர்களே, அதுதான் காரணம். 2011-இல் வந்த 2.6.38 கெர்னலில் ஆட்டோகுரூப் என்று ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு டெர்மினலும் திறக்கும்போது தனி செஷன் ஆகிறது. ஒரு செஷனில் இருக்கும் அத்தனை நிரல்களும் ஒரு குழு. சிபியு முதலில் குழுக்களுக்கிடையே பிரியும், பிறகு குழுவுக்குள்ளே பிரியும். நைஸ் எண் செல்லுபடியாவது குழுவுக்குள்ளே மட்டும். ஒரு டெர்மினலில் நைஸ் 0 வீடியோ தனியாள், இன்னொன்றில் நைஸ் 19 வீடியோ தனியாள். தன் வீட்டுக்குள் போட்டியே இல்லாத தனியாளுக்கு எடை 15 ஆனால் என்ன, 1024 ஆனால் என்ன? இரண்டு வீட்டுக்கும் சமபாகம், முடிந்தது. கணினியின் சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் சிகுரூப் என்ற குழு அமைப்பும் இதே விளைவைத் தரும். புதிய டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் அதுதான் நடப்பில் இருக்கும். ‘சிஸ்சிடிஎல்’ பட்டியலில் ஷெட்-ஆட்டோகுரூப்-எனேபிள்ட் என்ற வரி 1 என்று காட்டினால் ஆட்டோகுரூப் இயக்கத்தில் இருக்கிறது.

இது வந்ததே உங்களைப் போன்றவர்களுக்கு உதவத்தான். குழுவின் எடை எல்லாக் கோர்களுக்கும் பரவும். வீடியோ குழுவில் நான்கு த்ரெட் (ஒரு நிரலுக்குள் தனித்தனியே ஓடும் இழை) நான்கு கோரில் ஓடினால், ஒரு கோரில் அந்தக் குழுவுக்கு எடை 1024-இல் கால்பங்கு, அதாவது 256. ஆல்பம் நிரல் ஒற்றை த்ரெட்டாக அந்தக் கோரில் வந்து நின்றால் அதன் குழுவுக்கு முழு 1024. பங்கு 80:20. நைஸ் எதுவும் கொடுக்காமலேயே! உபுண்டு டெஸ்க்டாப்பில் பின்னால் ரெண்டரிங் ஓடும்போதும் மவுஸ் நகர்வதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் இரண்டு வீடியோக்களில் ஒன்றை முந்தவைக்க என்ன செய்வது? எளிய வழி, இரண்டையும் ஒரே டெர்மினலில் பின்புலத்தில் ஓட்டுவது. ஒரே குழுவுக்குள் நைஸ் தன் வேலையைச் செய்யும். ஒழுங்கான வழி, குழுவுக்கே எடை கொடுப்பது. ‘சிஸ்டம்டி-ரன்’ கட்டளையில் ‘யூசர்’, ‘ஸ்கோப்’ என்ற இரண்டு சுவிட்சையும் போட்டு, சிபியு-வெயிட் என்ற பண்புக்கு 10 கொடுத்து, அதற்குப் பின்னால் எஃப்எஃப்எம்பெக் கட்டளையை எழுதுங்கள். வழக்கமான எடை 100. 1 முதல் 10000 வரை கொடுக்கலாம். புதிய சிஸ்டம்டியில் எண்ணுக்குப் பதில் ‘ஐடில்’ என்ற சொல்லையே கொடுக்கலாம்: வேறு யாரும் கேட்காதபோது மட்டும் ஓடு என்று பொருள். கல்யாண வீடியோவுக்கு அதுவே சரியான ஆடை.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. உபுண்டு 22.04-இல் பயனர் அளவிலான சிஸ்டம்டிக்கு சிபியு கட்டுப்பாடு ஒப்படைக்கப்பட்டிருக்காது. கட்டளை பிழை காட்டாமல் ஓடும், எடை மட்டும் பலிக்காது. அந்தக் குழுவின் அடைவில் ‘சிகுரூப்-கண்ட்ரோலர்ஸ்’ கோப்பில் சிபியு என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் ‘யூசர்’ சுவிட்சை விட்டுவிட்டு நிர்வாகி அனுமதி தரும் சூடோவுடன் ஓட்ட வேண்டும். அடுத்தது, எடைகள் ஒரே தாய்க் குழுவின் பிள்ளைகளுக்கிடையே மட்டும் ஒப்பிடப்படும். உங்கள் லாகின் ஒரு கிளை, கணினி தொடங்கும்போதே எழும் சேவைகள் இன்னொரு கிளை. பில் மென்பொருளின் டேட்டாபேஸ் சேவைக் கிளையில் இருக்கிறது என்றால், உங்கள் கிளைக்குள் வீடியோவுக்குக் கொடுத்த 10 அதோடு நேரடியாக மோதாது.

பலரும் கைவைக்கும் இன்னொரு பண்பு சிபியு-கோட்டா. இது உச்சவரம்புதான். 200 சதவீதம் கொடுத்தால் இரண்டு கோர் அளவுக்கு மேல் போகாது. ஆனால் இது நடக்கும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. கெர்னல் 100 மில்லிவிநாடியை ஒரு தவணையாக எடுத்து, அதில் 200 மில்லிவிநாடி சிபியு நேரத்தைக் கையில் கொடுக்கிறது. நான்கு த்ரெட்டும் ஒரே சமயத்தில் ஓடினால் 50 மில்லிவிநாடியில் காசு தீர்ந்துவிடும். மீதி 50-க்கு அத்தனை பேரும் சிலையாக நிற்பார்கள், கோர்கள் காலியாகக் கிடந்தாலும் சரி. வீடியோ மாற்றத்துக்கு இதனால் மோசம் ஒன்றுமில்லை. இதையே நேரடி ஒளிபரப்புக்கோ பில் மென்பொருளுக்கோ போட்டால், சராசரி 30 சதவீதம்தான் காட்டும். ஆனாலும் விட்டுவிட்டு நிற்கும். குழுவின் ‘சிபியு-ஸ்டேட்’ கோப்பில் த்ராட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான். எடையால் தீர்கிற விஷயத்துக்குக் கோட்டா போடுவது என் கணக்கில் வீண். சூட்டைக் கட்டுப்படுத்த மட்டும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

இனி காத்திருப்பு என்ற இரண்டாவது கணக்கு. 2023 அக்டோபரில் வந்த 6.6 கெர்னலில் சிஎஃப்எஸ் தேர்வுமுறை போய், இஇவிடிஎஃப் வந்தது. அயான் ஸ்டோய்கா, ஹுசைன் அப்தெல்-வஹாப் இருவரும் 1990-களின் நடுவில் எழுதிய முறை அது. பங்குக் கணக்கு பழையபடி எடைதான். கூடவே ஒரு பற்று-வரவு நோட்டு: உனக்கு வரவேண்டியதில் எவ்வளவு பாக்கி, அல்லது எவ்வளவு கூடுதலாக எடுத்துவிட்டாய். பாக்கி இருப்பவரும் சரியாக எடுத்தவரும் மட்டுமே அடுத்த முறைக்குத் தகுதி. தகுதியுள்ளவர்களுக்குள் யாருடைய கெடு முதலில் வருகிறதோ அவருக்குச் சிபியு. கெடு எப்படி வரும்? கேட்கும் துண்டின் நீளத்தை எடையால் வகுத்து. ஆக, சின்னத் துண்டு கேட்பவருக்குக் கெடு கிட்டத்தில் வரும், முறை சீக்கிரம் வரும்; மொத்தப் பங்கு மட்டும் கூடாது. பங்கையும் காத்திருப்பையும் இரண்டு தனித் திருகுகளாகப் பிரித்ததுதான் இதன் அழகு. 6.12 கெர்னலிலிருந்து ஒரு நிரல் தனக்கு வேண்டிய துண்டை 0.1 முதல் 100 மில்லிவிநாடிக்குள் தானே கேட்டுக்கொள்ளவும் முடியும்.

கேட்காவிட்டால் 4 கோர் கணினியில் வழக்கமான துண்டு 2 மில்லிவிநாடிக்குச் சற்று மேல். ஆனால் டைமர் 250-இல் ஓடினால் தட்டு 4 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான். துண்டு தீர்ந்தது என்பதையே தட்டு விழும்போதுதான் கெர்னல் கவனிக்கும். அதனால் 1000 தட்டுக் கெர்னலில் போட்டிக்கு நடுவே முறை சற்று மென்மையாக மாறும். புதிதாக விழித்தெழும் நிரலுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை: கிளிக் வந்து ஆல்பம் நிரல் எழுந்த கணமே கெடு ஒப்பிடப்படும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ‘ஆல்பத்துக்கு முன்னுரிமை’ என்று கறாராக வரிசை போட்டால் என்ன? காட்பாடி வழியாகப் போகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: திருவலத்திலோ முகுந்தராயபுரத்திலோ பக்கத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி நிற்கும், எக்ஸ்பிரஸ் ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று போகும். எக்ஸ்பிரஸ் ஓயாதவரை கூட்ஸுக்கு வழி இல்லை. விண்டோஸ் இந்த ரகம். 0 முதல் 31 வரை படிகள். நார்மல் 8, பிலோ நார்மல் 6, லோ 4, ஹை 13, ரியல்டைம் 24. எல்லாக் கோரிலும் 8-ஆம் படி நிரல்கள் முட்டி நின்றால் 4-ஆம் படிக்குப் பங்கு 1.5 சதவீதம்கூட இல்லை, பூஜ்யம். அப்படி நாலு விநாடி போலப் பட்டினி கிடக்கும் த்ரெட்டை ஒரு காவல் நிரல் கண்டுபிடித்து 15-ஆம் படிக்குத் தற்காலிகமாகத் தூக்கிவிடும்; கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி இறங்கும். கடையில் விண்டோஸ் கணினியும் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் வீடியோ நிரலை பிலோ நார்மல் ஆக்குங்கள், போதும். ஆல்பம் நிரலை ஹை ஆக்குவதைவிட அது பத்திரம். ரியல்டைம் பக்கம் போகவே வேண்டாம். கீபோர்டு, மவுஸ் கையாளும் கணினியின் சொந்த வேலைகளையும் அது மிதித்துவிடும்.

லினக்ஸிலும் அப்படி ஒரு கறார் வரிசை இருக்கிறது, ஃபிஃபோ என்று. ‘சிஹெச்ஆர்டி’ கட்டளையால் வீடியோவுக்கு அதைக் கொடுத்துவிட்டு ‘வேகமாக முடிகிறதா’ என்று பார்ப்பவர்கள் உண்டு. வேகம் கூடாது, திரை உறையும். ஒவ்வொரு விநாடியிலும் 50 மில்லிவிநாடியை மற்றவர்களுக்குக் கெர்னல் ஒதுக்கிவைப்பதால் ஊன்றுகோல் பிடித்தாவது நிரலைக் கொல்லலாம். அந்த வரிசை ஆடியோ, இயந்திரக் கட்டுப்பாடு போன்ற குறுகிய, கெடு தப்பக்கூடாத வேலைகளுக்கு. அங்கேயும் தவறு நடக்கும்: 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. உயர்ந்த படி வேலை ஒன்று, தாழ்ந்த படி வேலை பிடித்துவைத்த பூட்டுக்குக் காத்தது. தாழ்ந்ததை நடுப்படி வேலைகள் ஓடவே விடவில்லை. பூட்டு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் படியைக் கடனாகக் கொடுக்கும் அமைப்பை பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல்வழக்கு உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை என்று. லினக்ஸ்காரர்கள் சேர்க்கலாம், வேலையில்லாத லோடு. மற்ற யூனிக்ஸ்களில் லோடு ஆவரேஜ் என்பது சிபியுவில் இருப்பவர், சிபியுவுக்குக் காத்திருப்பவர் எண்ணிக்கை. லினக்ஸ் அதோடு, டிஸ்க்கு பதில் சொல்லும்வரை எழுப்பவே முடியாத தூக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறது; ‘டாப்’ திரையில் ‘டி’ என்ற நிலை. மெதுவான பென் டிரைவுக்கு 20 ஜிபி எழுதும்போது காப்பி நிரல், எழுதித்தள்ளும் கெர்னல் த்ரெட்கள், அதே வரிசையில் மாட்டிய மற்றவை என்று ஒன்பது பேர் அங்கே நின்றால் லோடு 9. சிபியுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நைஸ் கொடுத்துப் பயனும் இல்லை. மூன்று எண்கள் 1, 5, 15 நிமிடச் சராசரி என்பதால் காப்பி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உயரமாகவே நிற்கும்.

பிரித்துப் பார்க்க ‘விஎம்ஸ்டேட்’ கட்டளைக்கு 1 என்று கொடுத்து ஓடவிடுங்கள், விநாடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியைத் தள்ளிவிடுங்கள், அது கணினி தொடங்கியதிலிருந்தான சராசரி. ‘ஆர்’ பத்தியில் எண் கோர் எண்ணிக்கையைவிடத் தொடர்ந்து மிகுந்தால் சிபியுவுக்கு நெரிசல். ‘பி’ பத்தியில் ஏறினால் டிஸ்க்கு. ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ இரண்டும் பூஜ்யமாக இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் ராம் போதவில்லை. ஆல்பம் நிரலின் பக்கங்கள் டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப்புக்குப் போய்த் திரும்பிவருகின்றன. 8 ஜிபியில் உயர்தெளிவு வீடியோவும் நூற்றுக்கணக்கான பெரிய படங்களும் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஷெட்யூலர் சிபியுவை உடனே கொடுத்தாலும், ஓட வேண்டிய தரவு டிஸ்க்கில் கிடந்தால் நிரல் மறுபடி தூங்கத்தான் வேண்டும். எந்த எடையும் இதைத் தீர்க்காது. ராமை 16 ஆக்குங்கள்.

சிலர் ஒரு கோரை ஆல்பத்துக்கென்றே ஒதுக்குவார்கள்: ‘டாஸ்க்செட்’ வைத்து வீடியோவை 1 முதல் 3 வரையான கோர்களுக்கு மட்டும் கட்டுவது. வேலை செய்யும், ஆனால் கோர் எண்களை நம்பாதீர்கள். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் இருக்கும் சிபியுவில் 0-உம் 4-உம் ஒரே நிஜக் கோராக இருக்கலாம். 0-ஐ மட்டும் விட்டுவைத்தால் பாதிக் கோரைத்தான் விட்டுவைத்ததாக ஆகும். ‘எல்எஸ்சிபியு’ கட்டளைக்கு ‘ஈ’ சுவிட்ச் கொடுத்தால் எது எதோடு ஜோடி என்று அட்டவணை வரும்.

கடைசியாக, சூடு. வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத அறையில், ஒரு மணி நேர ரெண்டரிங் என்பது சிபியுவுக்கும் சோதனைதான். ஷெட்யூலர் பங்கிடுவது நேரத்தை, அந்த நேரத்துக்குள் எவ்வளவு வேலை நடக்கும் என்பது கடிகார வேகத்தைப் பொறுத்தது. பல சிபியுக்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் அருகே வரம்பு. அங்கே போனதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். 3.2 கிகாஹெர்ட்ஸ் 1.6-க்கு இறங்கினால் ஆல்பம் நிரலுக்கு அதே 80 சதவீதப் பங்கு, ஆனால் பாதி வேலை. ‘டாப்’ திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ‘சென்சார்ஸ்’ கட்டளையில் வெப்பத்தையும், ‘ப்ராக்’ அடைவின் ‘சிபியுஇன்ஃபோ’ கோப்பில் மெகாஹெர்ட்ஸ் வரியையும், ரெண்டரிங் தொடங்கி ஐந்தாவது நிமிடத்திலும் முப்பதாவது நிமிடத்திலும் பாருங்கள். வேகம் சரிந்திருந்தால் ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். அதுவரை ஒப்பேற்ற, பகலில் மட்டும் வீடியோ குழுவுக்கு 300 சதவீதம் கோட்டா போட்டுவைக்கலாம். மேலே சொன்ன நியாயம் இதுதான். கடை மூடியபின் அதை எடுத்துவிட்டு ஓடவிட்டால் காலைக்குள் முடிந்திருக்கும்.